டிஜிட்டல் டிரங்கிங் ரேடியோ ஸ்கேனரில் சரியாகக் கேட்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் சிப்காட் ஆலைகளில் வாக்கி-டாக்கி பராமரிப்பு பார்ப்பவர்கள், அமெச்சூர் உரிமம் எடுத்த ஹாம்கள், தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்கள் என்று மூன்று தரப்பிலிருந்தும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை எளியதிலிருந்து சிக்கலானதற்குப் போகும்படி அடுக்கியிருக்கிறோம். கேள்விகள் கேட்டவர் வாய்மொழியிலேயே இருக்கின்றன. அவசரமாக இருப்பவர்கள் 5-வது, 13-வது கேள்விகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். வரும் புகார்களில் பெரும்பங்கு அந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

1. டிரங்கிங்னா என்ன சார்? சாதா வாக்கி-டாக்கி மாதிரி ஒரே ஃப்ரீக்வென்சில பேச மாட்டாங்களா?

சாதா முறையில் செக்யூரிட்டிக்கு ஓர் அலைவரிசை, ஃபோர்க்லிஃப்ட் ஆட்களுக்கு ஒன்று, பராமரிப்புக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றில் நெரிசல் தாங்காது, பக்கத்திலேயே இன்னொன்று காலியாகக் கிடக்கும். டிரங்கிங்கில் எல்லா அலைவரிசைகளும் பொதுச் சொத்து. யார் பேச வேண்டுமோ அவர்களுக்கு அந்த நேரத்தில் காலியாக இருப்பது கிடைக்கும். பேசி முடித்ததும் அது மறுபடி பொதுவுக்குப் போய்விடும்.

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் மைக்கில் ஒருவர், 'சேலம் வண்டி நாலாவது பிளாட்பாரம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று வையுங்கள். அவர்தான் கண்ட்ரோல் சேனல், அதாவது எந்தக் குழு எந்த அலைவரிசைக்குப் போக வேண்டும் என்று ஓயாமல் அறிவிக்கும் சேனல். சேலம் பயணிகள் ஒரு டாக் குரூப், அதாவது தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு குழு. பிளாட்பாரங்கள் குரல் சேனல்கள். மைக்கைக் கவனிக்காமல் நாலாவது பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தால் இப்போது சேலம் ஆட்கள், அடுத்து திருவண்ணாமலை ஆட்கள் என்று எல்லோர் பேச்சும் துண்டு துண்டாகக் காதில் விழும். ஒரே அலைவரிசையில் ஸ்கேனரை (அலைவரிசைகளைத் தேடித் தேடிக் கேட்கும் ரிசீவரை) நிறுத்தி வைத்தால் நடப்பதும் அதுதான்.

2. அப்ப இத வச்சு போலீஸ் வயர்லெஸ் கேக்கலாமா?

கூடாது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அடுத்தவர் செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்துக் கேட்பது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரேடியோ கருவியைக் கையில் வைத்திருக்கவே அங்கீகாரமோ, அதற்கான விலக்கோ இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அமெரிக்கக்காரர்கள் இணையத்தில் போலீஸ் பேச்சைக் கேட்டபடி வீடியோ போடுகிறார்களே என்றால், அது அவர்கள் ஊர்ச் சட்டம்.

இங்கே சொல்வதெல்லாம் உங்கள் நிறுவனம் உரிமம் எடுத்து நடத்தும் சொந்த நெட்வொர்க்குக்கும், ஹாம் அலைவரிசைகளுக்கும்தான். நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொள்ளும் டிரங்கிங் உரிமத்தை சிஎம்ஆர்டிஎஸ் என்றும், சந்தாதாரர்களுக்கு வாடகைக்கு விடுவதை பிஎம்ஆர்டிஎஸ் என்றும் குறிப்பிடுவார்கள். ஆலையில் வேலை பார்க்கிறவர் என்றால் உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

3. என் ஸ்கேனர்ல கர்ர்ர்ருனு சத்தம் மட்டும்தான் வருது. செட்டு கெட்டுப்போச்சா?

செட்டில் கோளாறு இல்லை. அனலாக் எஃப்எம் மட்டும் தெரிந்த ஸ்கேனர் டிஜிட்டல் சிக்னலை அப்படித்தான் ஒலிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். இடைவெளியே இல்லாமல் மணிக்கணக்கில் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தால் கண்ட்ரோல் சேனலாக இருக்க வாய்ப்பு அதிகம். டிராக்டர் ஐட்லிங்கில் நிற்பதுபோல 'தடதட' என்று வெட்டி வெட்டி வந்தால், டிஎம்ஆர் (ஒரு டிஜிட்டல் வாக்கி-டாக்கி முறை) கைக்கருவி ஒன்று நேரடியாக ஒலிபரப்புகிறது. டிஎம்ஆர் நேரத்தை 30 மில்லி செகண்ட் துண்டுகளாக வெட்டி இரண்டு பேருக்குப் பங்கு போடுகிறது. கைக்கருவி தன் துண்டில் பேசி, அடுத்த துண்டில் வாய் மூடும். நொடிக்குப் பதினேழு முறை அப்படி நடப்பதால்தான் அந்தத் தடதடப்பு.

4. டிஜிட்டல் ஸ்கேனர்னு போட்டிருந்தா எல்லாம் எடுக்குமா?

எடுக்காது. டிஎம்ஆர், பி25, என்எக்ஸ்டிஎன், டெட்ரா எல்லாம் வேறு வேறு மொழிகள். ஆலைகளில் அதிகம் புழங்குவது டிஎம்ஆர். அதிலும் மூன்றாம் அடுக்கு என்பதுதான் முறையான டிரங்கிங். டெல்லி மெட்ரோ போன்ற இடங்களில் இருப்பது டெட்ரா. சாதாரண ஸ்கேனர் அதைத் தொடாது. பி25 அமெரிக்கப் பக்கத்துச் சமாச்சாரம், ஆனால் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான். அவற்றைப் படித்துவிட்டு டிஎம்ஆருக்குப் பொருத்திப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

பி25-இல் ஒரு பொறி உண்டு. அதன் புதிய வடிவமான இரண்டாம் கட்ட அமைப்பிலும் கண்ட்ரோல் சேனல் பழைய முதல் கட்ட முறையிலேயே இயங்கும். அதனால் பழைய ஸ்கேனர் கண்ட்ரோல் சேனலை அழகாகப் படித்துக் காட்டும். குரல் மட்டும் வராது. அது செட்டின் எல்லை, எந்தத் திருகலும் உதவாது.

கற்றுக்கொள்ள ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிளும் (யுஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவர்) ஒரு லேப்டாப்பும் போதும். எஸ்டிஆர் டிரங்க் மென்பொருள் டிஎம்ஆர், பி25 இரண்டையும் படிக்கும். குரல் கோடெக் (சுருக்கி அனுப்பிய குரலை மறுபடி ஒலியாக்கும் நிரல்) மட்டும் அதனுடன் சேர்ந்து வராது, தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'எல்லாம் ஓடுது, சத்தம் மட்டும் இல்லை' என்று சொல்பவர்களில் பலர் இந்த ஒரு படியை விட்டவர்கள்.

5. சிக்னல் கம்பி முழுசா நிக்குது. ஆனா குரல் ரோபோ மாதிரி உடையுது. ஏன்?

கம்பி காட்டுவது அந்த அலைவரிசையில் எவ்வளவு ஆற்றல் வந்து விழுகிறது என்பதை மட்டும். அது நல்ல சிக்னலா, குப்பையா, இரண்டும் கலந்ததா என்று அதற்குத் தெரியாது. டிஜிட்டலில் பார்க்க வேண்டியது பிழை விகிதம். ஸ்கேனரில் அது பிழை எண்ணாகவோ டிகோட் சதவீதமாகவோ தெரியும். மென்பொருளில் ஒவ்வொரு செய்திக்கும் பிழை பிட்டுகள் எத்தனை என்று வரும். நூறு பிட்டுக்கு ஒன்றுக்குக் குறைவாகப் பிழை இருந்தால் குரல் தெளிவாக இருக்கும். ஐந்தை நெருங்கினால் ரோபோ பேச ஆரம்பிக்கும். அதற்கு மேல் போனால் மௌனம். அனலாகில் தூரம் போகப்போக இரைச்சல் மெல்ல ஏறும், காது பழகிக்கொள்ளும். டிஜிட்டலில் கடைசிவரை நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று கிணற்றில் விழுந்த மாதிரி நின்றுபோகும்.

கம்பி முழுதாக இருந்தும் பிழை அதிகம் என்றால் காரணம் மூன்றில் ஒன்று: ரிசீவர் திணறுகிறது (கேள்வி 6), ஒரே சிக்னல் இரண்டு வழியாக வந்து மோதுகிறது (8, 9), அல்லது அலைவரிசை சற்று விலகி நிற்கிறது (10). கம்பியும் குறைவு, பிழையும் அதிகம் என்றால்தான் ஆன்டெனாவையும் கேபிளையும் பார்க்க வேண்டும் (7). இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் நேரே பெரிய ஆன்டெனா வாங்கப் போகிறவர்கள் பணத்தைத்தான் தொலைக்கிறார்கள். திணறும் ரிசீவருக்குப் பெரிய ஆன்டெனா மாட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

6. கெயின் ஃபுல்லா வச்சாதான நல்லா எடுக்கும்?

இல்லை. கெயின் என்பது சிக்னலைப் பெருக்கும் அளவு. ஆர்டிஎல் டாங்கிளில் இருப்பது அலையை எண்ணாக்கும் 8 பிட் மாற்றி. மிகப் பலமான சிக்னலுக்கும் மிக மெல்லிய சிக்னலுக்கும் இடையே சுமார் 50 டெசிபெல்லுக்கு மேல் அதால் ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாது. கெயினை உச்சத்துக்கு ஏற்றினால், நீங்கள் கேட்காத பண்பலை நிலையம் உள்ளே புகுந்து ரிசீவரை அமுக்கிவிடும். தருமபுரியில் 102.5 மெகாஹெர்ட்ஸ் வானொலி எந்நேரமும் பலமாக விழும் இடங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். அடையாளம்: இல்லாத இடங்களிலெல்லாம் சிக்னல் கோடுகள் முளைக்கும், கெயினைக் குறைத்தால் அவை மாயமாகும்.

செய்ய வேண்டியது இது. தானியங்கிக் கெயினை அணையுங்கள். பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். திரையில் கண்ட்ரோல் சேனலின் உச்சிக்கும் அடியில் இருக்கும் இரைச்சல் தரைக்கும் உள்ள உயரத்தைக் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏற ஆரம்பித்ததும் நின்று, ஒரு படி இறங்குங்கள். பெரும்பாலும் அந்த இடம் உச்சத்துக்கு வெகு கீழேதான் இருக்கும். அப்படியும் பண்பலை தொல்லை தந்தால் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் வெட்டும் வடிகட்டி ஒன்றை ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் மாட்டுங்கள். கையடக்க ஸ்கேனர் என்றால் அதிலுள்ள அட்டெனுவேட்டரை (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் வசதி) போட்டுப் பாருங்கள். போட்டதும் பிழை குறைந்தால் சந்தேகமே வேண்டாம், திணறல்தான்.

7. டிஷ் கேபிள் மிச்சம் இருக்கு. அதப் போடலாமா? ஆன்டெனா வீட்லயே செய்யலாமா?

தாராளமாகப் போடலாம். 75 ஓம் டிஷ் கேபிளை 50 ஓம் செட்டில் மாட்டக்கூடாது என்று பயமுறுத்துவார்கள். ரிசீவருக்கு அந்தப் பொருத்தமின்மையால் போவது கால் டெசிபெல்கூட இல்லை. மாறாக, 400 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் ஏறத்தாழ 5 டெசிபெல்லைத் தின்னும், அதாவது மூன்றில் ஒரு பங்கு சிக்னல்தான் கீழே வந்து சேரும். அதே நீளம் டிஷ் கேபிள் 2 டெசிபெல்லோடு விட்டுவிடும். ஒலிபரப்புவதாக இருந்தால் கதை வேறு. அங்கே 50 ஓம் கேபிள்தான்.

ஆன்டெனா: நடுவில் நிமிர்ந்த செம்புக் கம்பி ஒன்று, அடியில் 45 டிகிரி சாய்வாக நான்கு கம்பிகள். நடுக்கம்பியின் நீளம் மீட்டரில் 71.25-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வருவது. 400-க்கு 17.8 செ.மீ., 155-க்கு 46 செ.மீ. சாய்ந்த கம்பிகள் ஒரு விரற்கடை கூடுதலாக இருக்கட்டும். நடுக்கம்பி செங்குத்தாக நிற்க வேண்டும். வாக்கி-டாக்கிகள் எல்லாம் நிமிர்ந்த அலையையே அனுப்புகின்றன. ஆன்டெனாவைப் படுக்கப்போட்டால் 20 டெசிபெல் வரை போய்விடும். பழைய டிவி ஆன்டெனாவைக் கிடையாக மாட்டி ஏமாறுவது இதனால்தான்.

தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் ஒன்றும் நடக்காது. மாந்தோப்புக்கு நடுவில் வீடு இருந்தால் ஆன்டெனா மர உச்சியைத் தாண்ட வேண்டும். பச்சை இலை 400 மெகாஹெர்ட்ஸ் போன்ற யுஎச்எஃப் அலையை நன்றாகக் குடிக்கும்.

8. மாடியில ரெண்டு அடி தள்ளி வச்சா சூப்பரா வருது, பழைய இடத்துல சுத்தமா இல்ல. இது என்ன மாயம்?

நம் பக்கம் பாறை மலைகள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. டவரிலிருந்து நேராக வரும் அலையும், மலையில் பட்டுத் திரும்பி வரும் அலையும் உங்கள் ஆன்டெனாவில் சந்திக்கும்போது ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், இன்னோரிடத்தில் அடித்துக்கொள்ளும். 400 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 75 செ.மீ. ஆகவே ஒரு சாண் நகர்த்தினாலே பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வந்துவிடலாம். ஆன்டெனாக் கம்பத்தை நிரந்தரமாக சிமென்ட் போட்டு நிறுத்துவதற்கு முன் ஒரு மூங்கிலில் கட்டிக்கொண்டு, இருபது இருபது சென்டிமீட்டராக நகர்த்திப் பிழை எண்ணை எழுதி வையுங்கள். சிக்னல் கம்பியைப் பார்க்காதீர்கள், பிழையைப் பாருங்கள்.

மலையே குறுக்கே நின்றால் நகர்த்தி ஒன்றும் ஆகாது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் பாதி. மேட்டிலிருந்து வரும் சிக்னல் இராயக்கோட்டை வரை நன்றாக வந்துவிட்டு அடுத்த இறக்கத்தில் காணாமல் போவதில் ஆச்சரியமில்லை. தொப்பூர் கணவாய், ஒகேனக்கல் பள்ளத்தாக்கு, அஞ்செட்டிக் காட்டுப் பாதை போன்ற இடங்களில் டவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் சிக்னலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

9. சிமுல்காஸ்ட் டிஸ்டார்ஷன்னு படிச்சேன். என் பிரச்சினையும் அதானா?

அநேகமாக இல்லை. சிமுல்காஸ்ட் என்றால் பல டவர்கள் ஒரே அலைவரிசையில் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் அனுப்புவது. அமெரிக்க நகரங்களின் பி25 அமைப்புகளில் இது பெரிய தலைவலி. பி25 முதல் கட்டத்தில் ஒரு குறி (ஒருமுறையில் அனுப்பும் தரவுத் துணுக்கு) 208 மைக்ரோ செகண்ட் நீளம். இரண்டு டவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள தூர வித்தியாசம் 15 கி.மீ. என்றால் ஒன்று 50 மைக்ரோ செகண்ட் தாமதமாக வரும். கால் குறி மற்றதன்மேல் ஏறிப் படுத்துவிடும், எஃப்எம் முறையில் படிக்கும் ஸ்கேனரால் பிரிக்க முடியாது.

மலை எதிரொலியில் வித்தியாசம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான், சில மைக்ரோ செகண்ட். குறிகள் கலந்துபோகாது, வலிமைதான் கூடிக் குறையும். எனவே கேள்வி 8-இல் சொன்ன நகர்த்தலே மருந்து. உண்மையிலேயே சிமுல்காஸ்ட் என்றால் ஒரே திசையில் எடுக்கும் யாகி ஆன்டெனாவால் ஒரு டவரை மட்டும் பிடித்து, மற்றதை முதுகுப் பக்கம் தள்ள வேண்டும்.

10. பிபிஎம் பிபிஎம்னு சொல்றாங்களே, அத விட்டுட்டா என்ன ஆகும்?

ஒன்றுமே வராமல் போகலாம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகல்தான் ஒரு பிபிஎம். 400 மெகாஹெர்ட்ஸில் அது 400 ஹெர்ட்ஸ். மலிவு டாங்கிள் 50 பிபிஎம் விலகியிருந்தால் 20 கிலோஹெர்ட்ஸ். டிஎம்ஆர் சேனலின் அகலமே 12.5 கிலோஹெர்ட்ஸ்தான். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஆள் இல்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடும். டிசிஎக்ஸ்ஓ, அதாவது வெப்ப மாற்றத்தை ஈடுகட்டும் படிகம் உள்ள டாங்கிள் ஒரு பிபிஎம்முக்குள் நிற்கும், அந்தக் கூடுதல் விலை வீண்போகாது.

சரிசெய்ய 2ஜி டவர்கள் நல்ல அளவுகோல். காலிப்ரேட் என்ற சிறு நிரல் அவற்றைக் கேட்டு விலகலைச் சொல்லிவிடும். டாங்கிள் சூடாகி நிலைக்க இருபது நிமிடம் கொடுத்த பிறகு அளந்து பாருங்கள். குளிர்ந்த டாங்கிளில் அளந்த எண் அரை மணியில் பொய்யாகும். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் டாங்கிளை வைப்பவர்கள் காலையில் ஓர் எண், மதியம் ஓர் எண் பார்ப்பார்கள். எஸ்டிஆர் டிரங்க்கில் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆனால் ஒருமுறையாவது கண்ட்ரோல் சேனலைப் பிடித்த பிறகுதான் அது வேலை செய்யும்.

11. சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும், இரைச்சல் ஏறிடுது.

எல்இடி பல்புகள், அடுத்த வயலின் மோட்டார் ஸ்டார்ட்டர், சோலார் இன்வெர்ட்டர், லேப்டாப் சார்ஜர். இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். கரண்ட் கட் வரும்போது லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், இரைச்சல் தரையைப் பாருங்கள். சட்டென்று இறங்கினால் குற்றவாளி மின்சாரத்தில்தான் இருக்கிறான். கட் வராவிட்டால் மெயினை நீங்களே இறக்கிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டால் எது என்று தெரிந்துவிடும். டாங்கிளை லேப்டாப்பிலேயே நேரடியாகச் செருகாமல், இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் மணி கோத்த இரண்டு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பில் தள்ளி வைத்தாலே பாதி இரைச்சல் ஒழியும்.

12. மழை பெஞ்சா போயிடுது. ரெண்டு நாள் வெயிலடிச்சா தானா வந்துடுது.

கனெக்டருக்குள் தண்ணீர். கழற்றிப் பாருங்கள். நடுமுள்ளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், கேபிளின் பின்னல் பளபளப்பு போய்க் கறுத்திருக்கும், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். கறுப்பு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு சாண் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள். சாதா இன்சுலேஷன் டேப் ஒரு கோடையில் உருகி வழிந்துவிடும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் சாதா டேப் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளையமாகத் தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கோடை மழைக்கு இடி முழங்க ஆரம்பித்தால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

13. கண்ட்ரோல் சேனல் நூத்துக்கு நூறு படிக்குது. யார் பேசறாங்கன்னுகூட திரையில வருது. குரல் மட்டும் வரல.

இதுதான் அதிகம் பேரைப் படுத்துவது, பெரும்பாலும் ஆன்டெனாவுக்குச் சம்பந்தமே இல்லாதது. முதல் சந்தேகம் சேனல் எண் அட்டவணை. பி25-இல் கண்ட்ரோல் சேனலே 'அடிப்படை அலைவரிசை இது, இடைவெளி இவ்வளவு' என்று அறிவித்துவிடும், ஸ்கேனர் கணக்குப் போட்டுக்கொள்ளும். டிஎம்ஆர் மூன்றாம் அடுக்கில் பல அமைப்புகள் 'ஏழாம் எண்ணுக்குப் போ' என்று மட்டும் சொல்லும். ஏழாம் எண் என்றால் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பது கைக்கருவிகளில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் மென்பொருளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். நெட்வொர்க்கை அமைத்தவரிடம் அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஓர் எண் தவறினாலும் அந்தச் சேனலுக்குப் போகும்போது மட்டும் மௌனம். ஐந்து முறை கேட்டு ஆறாவது முறை கேட்காமல் போகிறது என்றால் அட்டவணையில் ஒரே ஒரு வரி தப்பு.

அடுத்தது அகலம். ஆர்டிஎல் டாங்கிள் ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் பார்க்கும், ஓரங்களில் மங்கும். கண்ட்ரோல் சேனலும் குரல் சேனல்களும் அதற்குள் அடங்கவில்லை என்றால் இரண்டாவது டாங்கிள் வேண்டும். மூன்றாவது, கேள்வி 4-இல் சொன்ன கோடெக். நான்காவது, குறியாக்கம். அது கேள்வி 18.

14. எங்க ப்ளான்ட்ல கண்ட்ரோல் சேனலே இல்லைங்கறாங்க. அப்பவும் டிரங்கிங்கா?

ஆம். மோட்டோரோலாவின் கெப்பாசிட்டி பிளஸ் போன்ற அமைப்புகளில் தனிக் கண்ட்ரோல் சேனல் கிடையாது. ஓய்வுச் சேனல் ஒன்று இருக்கும், சும்மா இருக்கும் கருவிகள் எல்லாம் அங்கே காத்திருக்கும். அதில் யாராவது பேச ஆரம்பித்தால், மற்றவர்கள் வேறு சேனலுக்கு நகர்ந்து அதை ஓய்வுச் சேனலாக்கிக்கொள்வார்கள். நீங்கள் ஓர் அலைவரிசையைக் கண்ட்ரோல் என்று எழுதி உட்கார்ந்திருந்தால் கூட்டம் எழுந்து போன மண்டபத்தில் காத்திருப்பீர்கள். எல்லா அலைவரிசைகளையும், நெட்வொர்க்கில் உள்ள அதே வரிசை எண்ணோடு கொடுக்க வேண்டும்.

15. பக்கத்துல நிக்கறவர் பேசினா கேக்குது, கேட்ல இருக்கறவர் பேசினா கேக்கல.

நீங்கள் எழுதியிருப்பது கைக்கருவி அனுப்பும் அலைவரிசை. ரிப்பீட்டர் அதை வாங்கி வேறோர் அலைவரிசையில்தான் திருப்பி அனுப்புகிறது. உரிமத் தாளில் இரண்டும் இருக்கும். டவர் அனுப்புவதைப் போடுங்கள்.

16. நேத்து வரைக்கும் வந்த குரூப் இன்னிக்கு இல்ல. எதையும் மாத்தல சார்.

பல டவர் நெட்வொர்க்குகளில் ஒரு டாக் குரூப்பின் பேச்சு எல்லா டவர்களிலும் வராது. அந்தக் குரூப்பின் கருவி ஒன்றாவது ஒரு டவரில் பதிவாகியிருந்தால்தான் அந்த டவர் அதை ஒலிபரப்பும். நேற்று பராமரிப்பு ஆட்களில் ஒருவர் உங்கள் பக்கத்துக் கூடத்தில் இருந்திருப்பார், இன்று எல்லோரும் மறுகோடியில் இருப்பார்கள். ஸ்கேனர் கேட்கத்தான் முடியும், 'எனக்கும் அனுப்பு' என்று டவரிடம் சொல்ல முடியாது. அந்தக் குரூப்புக்கு அமைத்த கைக்கருவி ஒன்றை உங்கள் பக்கம் ஆன் செய்து வைத்துச் சோதியுங்கள். உடனே வந்தால் இதுதான் காரணம்.

17. மொத வார்த்தை எப்பவும் போயிடுது. மார்கழி காலைல சம்பந்தமில்லாத குரல் வேற வருது.

இரண்டும் தனித்தனி. டிஎம்ஆரில் பேச்சின் தொடக்கத்தில் யார், எந்தக் குரூப் என்ற விவரம் வரும். அதைத் தவறவிட்டால் 360 மில்லி செகண்டுக்கு ஒருமுறை குரலுக்கு நடுவே சிறு துணுக்குகளாகத் திரும்ப வரும் விவரத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பிழை இருந்தால் இரண்டு சுற்று ஆகும், அதற்குள் 'கேட்டை' போய் 'திற' மட்டும் மிஞ்சும். ஸ்கேனரில் நாலைந்து அமைப்புகளைச் சுற்றவிட்டிருந்தால் வேண்டாதவற்றை நிறுத்துங்கள்.

மார்கழிக் குரல் வேறு. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து மேலே வெதுவெதுப்பு இருக்கும் பனிக்காலைகளில் அலை வளைந்து வெகுதூரம் வரும். பெங்களூரு பக்கத்துச் சிக்னல் அதே அலைவரிசையில் மேலே விழலாம். உங்கள் அமைப்பின் கலர் கோட் எண்ணை (0 முதல் 15 வரை ஓர் அடையாள எண்) ஸ்கேனரில் குறிப்பிட்டுவிட்டால் மற்றது காதில் விழாது, ஆனாலும் மோதல் தொடரும். வெயில் ஏறினால் தானாகப் போய்விடும். ஆனால் ஒன்று: கலர் கோட் எண்ணைத் தவறாகப் போட்டால் எல்லாமே மௌனமாகிவிடும். தெரியாதபோது 'எதுவானாலும்' என்று விட்டுவிடுங்கள்.

18. என்கிரிப்டட்னு காட்டுது. அத உடைக்க ஏதாவது சாஃப்ட்வேர்?

இல்லை, அதைப் பற்றி இங்கே பேசவும் மாட்டோம். சொந்த நெட்வொர்க் என்றால் சாவி உள்ள கைக்கருவியில் கேளுங்கள்.

19. கம்பெனி வாக்கி-டாக்கி அதே எடத்துல நல்லா கேக்குது. டாங்கிள் மட்டும் திணறுது. பாரபட்சமா?

கைக்கருவியின் முன்பகுதி ஒரே ஒரு பட்டையை மட்டும் உள்ளே விடும், படிகம் துல்லியம், பக்கத்துச் சேனலை நன்றாக வெட்டும். டாங்கிள் 24 முதல் 1700 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆகவே கைக்கருவி நன்றாக இருந்து டாங்கிள் திணறினால், சிக்னல் போதுமானதாக இருக்கிறது என்ற நல்ல செய்தி கிடைத்துவிட்டது. 6, 10, 11 மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். இரண்டும் திணறினால் 7, 8, 12.

20. எல்லாம் பண்ணிட்டேன், இன்னும் வரல. உதவி கேக்கறப்ப என்னென்ன சொல்லணும்?

'வரல சார்' என்று மட்டும் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. டவருக்கு எவ்வளவு தூரம், குறுக்கே மலையோ தோப்போ இருக்கிறதா, ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை அடி, கேபிள் எந்த ரகம், எத்தனை மீட்டர், கெயின் எண், பிபிஎம் எண், டாங்கிள் ஓட ஆரம்பித்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு பார்த்தது, கண்ட்ரோல் சேனலின் பிழை விகிதம், கரண்ட் இல்லாதபோது அது மாறியதா. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். அலைக்கோடு ஓடும் திரையை ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள், நடுவில் ஒருமுறை ஆன்டெனாவைக் கழற்றி மாட்டியபடி. கழற்றியபோதும் சிக்னல் கோடு அப்படியே நின்றால் அது டவரிலிருந்து வருவதே இல்லை, உங்கள் லேப்டாப்பிலிருந்து வருகிறது.